கொன்றையின் சாட்சியம்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் குடியிருப்பில் சிலர் கூடிக் குறுந்தொகை படிப்பது சில ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். பெரியோர் அறுவர் எழுவர். அவர்களுடன் வரும் பிள்ளைகள் நால்வர் ஐவர். சென்ற வைகாசியில் ஒருநாள், கார்காலத்தைப் பற்றிய பாட்டொன்றுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண்ணொருத்தி சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "தாத்தா, கொன்றை என்றால் அதோ நிற்கிற அமல்தாஸ்தானே? அது கடும் வெயிலில் அல்லவா பூக்கிறது? பாட்டில் மழைக்காலப் பூ என்று இருக்கிறதே! புலவர் தப்பாகச் சொல்லிவிட்டாரா?" என்று கேட்டாள்.

எங்களுள் ஒருவர், "பாட்டு வேறு, தாவர நூல் வேறு, அம்மா, புலவர் மரபுக்குக் கட்டுப்பட்டவர்" என்றார். மற்றொருவர், "அந்தக் காலத்துக் கொன்றை வேறு மரமாக இருக்கும்" என்றார். பெரியவர்கள் சொல்லிவிட்டார்களே என்று அவள் அடங்கினாள். நமக்கோ அவ்விரு விடைகளும் அன்றிரவு முழுதும் உறுத்திக்கொண்டே இருந்தன. முதல் விடை புலவனைக் கண்ணில்லாதவன் ஆக்குகிறது. இரண்டாவது மரத்தை இல்லாததாக்குகிறது. இக்கட்டுரை அவ்வுறுத்தலிலிருந்து பிறந்தது.

இரண்டாம் விடையை முதலில் பார்த்துவிடுவோம், அது எளிது. தாவரவியலார் காசியா என்று ஒரு பேரினத்தைக் குறிப்பர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த வெப்பநாட்டு மரங்கள் அதில் அடங்கும். ஒரு காலத்தில் இப்பேரினம் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட செடிகளையும் புதர்களையும் மரங்களையும் தன்னுள் அடக்கிப் பெரிய கூட்டுக் குடும்பமாக விளங்கியது. நம் ஆவிரையும் தகரையுங்கூட அதன் பிள்ளைகளாகவே எண்ணப்பட்டன. 1982-இல் இர்வின், பார்னபி என்னும் இருவர் இக்குடும்பத்தைப் பாகம் பிரித்தனர். ஆவிரையும் தகரையும் சென்னா என்னும் தனிக்குடித்தனத்திற்குப் போயின. காசியாவில் எஞ்சியவை சில பத்து மரங்களே. அவற்றுள் தலையாயது, 1753-இல் லின்னேயஸ் 'காசியா பிஸ்டுலா' என்று பெயரிட்ட நம் சரக்கொன்றை. பிஸ்டுலா என்றால் குழல். கருங்கோல் போலத் தொங்கும் அதன் நெற்றைக் கண்டு இட்ட பெயர். தமிழன் கொன்றையையும் ஆவிரையையும் எந்நாளும் ஒன்றாக எண்ணியதில்லை என்பதை ஈண்டு மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம். குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கிச் செல்லும் கபிலர் இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறார்.

சங்கப் பாடல்கள் கொன்றைக்குத் தரும் அடையாளங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஐயத்திற்கு இடமில்லை. கொடி போல் நீண்டு தொங்கும் பூங்கொத்து, பொன்னின் நிறம், காசு போல் உருண்ட அரும்பு என்று யாவும் சரக்கொன்றைக்கே பொருந்தும். தில்லிச் சாலைகளில் மழைக்காலத்தில் பூக்கும் மஞ்சட்கொன்றையைக் காட்டி, 'இதுதான் அது' என்று சொல்ல ஒருவர் முற்படலாம். ஆனால் மஞ்சட்கொன்றையின் கொத்து கிளைநுனியில் நிமிர்ந்து நிற்பது, தொங்குவதன்று. புலவர்கள் பார்த்தது தொங்கும் கொத்தை. ஆகவே மரம் அதே மரந்தான். அமல்தாஸ் என்று நம் பிள்ளைகள் இந்தியில் அழைக்கும் மரமே ஓதலாந்தையாரும் ஔவையாரும் பார்த்த மரம்.

இனிக் காலத்திற்கு வருவோம். தில்லியில் சித்திரையில் கொன்றை தன் இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, பழைய கருநெற்றுகள் தொங்க, பட்டமரம் போல் நிற்கும். வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் நாட்களில், மற்ற மரங்களெல்லாம் வாடி நிற்கையில், இஃது ஒன்று மட்டும் பொன்னைக் கொட்டத் தொடங்கும். அம்ரிதா ஷேர்கில் சாலையில் மே மாத இறுதியில் நடந்தவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கேரளத்தில் இதற்கும் முன்னதாகவே பூத்து, சித்திரை விசுவில் கணிக்கொன்றையாகக் கண் விழித்ததும் காணும் காட்சியாகிறது. தமிழ்நாட்டிலும் சித்திரை முதல் ஆனி வரையே இதன் பெரும்பூப்பு. தொல்காப்பியமோ முல்லைக்குக் காரைப் பெரும்பொழுதாக்கியது. உரைகாரர் கார் என்பதை ஆவணியும் புரட்டாசியும் என்றனர். புறநானூறும் அகநானூறும் தம் கடவுள் வாழ்த்துகளிலேயே சிவபெருமானின் கொன்றை மாலையைக் கார்காலத்ததாகக் கூறுகின்றன. முல்லைப்பாட்டில் வென்று மீளும் தலைவன் தேரோடும் காட்டுவழியில், காயா மை நிறம் காட்ட, கொன்றை பொன் சொரிகிறது. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியிலும் கார்காலப் பூக்களோடு கொன்றை வரிசையில் நிற்கிறது. இத்தனை பேரும் ஒருசேரத் தவறினார்கள் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. மரமும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அச்சிறுமியின் வினாவுக்கு விடை என்ன?

விடை குறுந்தொகைக்குள்ளேயே இருக்கிறது என்பது நம் கருத்து. அவள் கேட்ட அதே வினாவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சில பெண்கள் கேட்டுவிட்டார்கள். 'கொன்றை பூத்திருக்கிறதே, இது காரா, அன்றா?' என்பது அவர்களுக்குத் தாவரநூல் வினாவாக இல்லை. உயிர்போகும் வினாவாக இருந்தது.

தலைவன் பிரிந்து போகும்போது ஒரு தவணை சொல்லிப் போகிறான்: கார் வரும்போது வந்துவிடுவேன். அக்காலத்தில் கிழமையும் தேதியும் குறித்த நாட்காட்டி சுவரில் தொங்கவில்லை. காட்டில் பூக்கும் பூவே நாட்காட்டி. எனவே கொன்றை பூப்பது தலைவியின் வழக்கில் சாட்சி கூண்டில் ஏறுவதை ஒக்கும். பூத்தது என்றால் தவணை முடிந்தது. தவணை முடிந்தும் அவன் வரவில்லை என்றால் அவன் சொல் பொய்த்தது. சொல் பொய்த்தது என்பதை ஏற்பதா, சாட்சியைப் பொய்ச்சாட்சி என்று தள்ளுவதா? குறுந்தொகையில் மூன்று பாடல்கள் இம்முடிச்சில் பிறந்தவை. அவை வெவ்வேறு புலவர் பாடியவை. தொகையில் வெவ்வேறிடத்தில் சிதறிக் கிடப்பவை. எனினும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே முற்றத்தில் நடந்த உரையாடல் போல் ஒலிக்கின்றன.

முதலாவது 66-ஆம் பாட்டு. பாடியவர் கோவர்த்தனார். தோழி பேசுகிறாள். பரந்த அடியையுடைய இக்கொன்றை மரங்கள் அறிவற்றவை என்று எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறாள். கற்கள் நிறைந்த வழியே சென்றவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. அதற்குள் இவை நெருக்கமாகப் பூத்துவிட்டன. காரணம், காலமல்லாத காலத்தில் பெய்த வம்பமாரியைக் கார் என்று எண்ணிவிட்டன. தீர்ப்பு முதற்சொல்லில், அதற்குரிய காரணம் கடைசிச் சொற்களில். இடையில் தலைவி வாய் திறக்க இடமே தரப்படவில்லை. பேச விட்டால் அழுதுவிடுவாள் என்று அறிந்தவள் பேசும் பேச்சு இது. நற்றிணை 99-இல் இளந்திரையனாரும் ஏறத்தாழ இதே வாதத்தைத் தோழியின் வாயில் வைத்திருக்கிறார். அங்கே பிடவும் கோடலும் கொன்றையோடு சேர்ந்து அறிவிலிகள் ஆகின்றன; கடல்நீரை அளவின்றி முகந்த மேகம் சுமை தாங்காமல் கொட்டிவிட்ட மழை அது என்று மேகத்தின் மீதும் ஒரு பங்கு பழி போடப்படுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் குறுந்தொகைப் பாட்டே சிறந்தது என்போம். நற்றிணைத் தோழி விளக்கம் மிகுதியாகச் சொல்கிறாள். மிகுதியாக விளக்குபவர் சொல்லில் நமக்கு ஐயம் பிறப்பது இயல்பு.

வகுப்பறைகளில் 66-ஆம் பாட்டுக்கு வழங்கும் விளக்கம் நாம் எல்லோரும் அறிந்ததே. 'பருவம் உண்மையில் வந்துவிட்டது; தோழிக்கும் அது தெரியும்; தலைவியை ஆற்றுவிக்கப் பருவமன்று என்று பொய் சொல்கிறாள்' என்பது அது. அன்பினால் சொன்ன பொய் என்று அதைப் பாராட்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். தில்லியில் வாழ்ந்து, ஆண்டுதோறும் இம்மரத்தின் கீழ்ப் பேருந்துக்குக் காத்து நின்றபின், இவ்விளக்கம் நமக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

கொன்றை கோடையில் பூப்பது. கோடையிலும் இடியோடு இரண்டொரு மழை பெய்வதுண்டு. அம்மழைக்குப் பின் பூத்து நிற்கும் கொன்றையைக் காட்டி, 'இது கார் அன்று. மரம் ஏமாந்தது' என்று ஒருத்தி சொன்னால் அவள் சொன்னது பொய்யா? மரத்தைப் பார்த்துப் பழகிய எந்த முல்லைநிலத்து இடைச்சியும் அதை மெய் என்றே ஒப்புவாள். மற்றொரு பக்கம், நல்ல மழைக்குப்பின் சில கொன்றைகள் இரண்டாம் முறையாகச் சிறிதளவு பூப்பதும் உண்டு. ஆகவே ஆவணியில் பூத்து நிற்கும் கொன்றையைக் காட்டி, 'இதுதான் கார்' என்று சொல்பவளும் பொய் சொல்லவில்லை. கொன்றை இருபுறமும் சாட்சி சொல்லக்கூடிய மரம். குசராத்துப் பக்கத்து உழவர்களிடையே, கொன்றை நன்கு பூத்து நாற்பத்தைந்து நாளில் மழை தொடங்கும் என்றொரு நம்பிக்கை வழங்குகிறது. அந்நம்பிக்கையிலும் கொன்றை மழையை உடன்வந்து காட்டுவதாக இல்லை. முந்திவந்து அறிவிப்பதாகவே இருக்கிறது. முந்திவரும் தூதனைக் கண்டு, 'அவரே வந்துவிட்டார்' என்று எண்ணுவது எளிது; 'தூதன்தானே வந்தான், அவர் வர நாளிருக்கிறது' என்று தேற்றிக்கொள்வதும் எளிது.

இம்மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் கோவர்த்தனாரின் கண் இருக்கிறது என்பது நம் துணிபு. முல்லைக்கொடியோ காயாவோ இவ்வழக்கில் இத்துணைப் பொருத்தமாக நின்றிரா. முல்லைப்பாட்டும் கடவுள் வாழ்த்துகளும் மரபின்படி கொன்றையைக் கார்ப்பூ என்று சொல்லிச் செல்கின்றன. அதில் குற்றம் இல்லை. 66-ஆம் பாட்டோ அம்மரபில் உள்ள சிறு விரிசலைக் கண்டு அதற்குள் நுழைகிறது. தோழி பொய் சொல்கிறாளா, மெய் சொல்கிறாளா என்பது தலைவிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, ஒருவேளை தோழிக்கே தெரியாது. 'அன்பினால் பிறந்த பொய்' என்று நாம் முடித்துவைத்தவுடன் பாட்டின் உயிர்நாடி அறுந்துவிடுகிறது.

ஒரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். மரங்களைத் தோழி 'மடவ' என்கிறாள். ஏ. கே. இராமானுசன் 1967-இல் வெளியிட்ட தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் கொன்றையைக் காசியா என்றே குறித்து, மடவ என்பதற்கு எளிதில் ஏமாறுபவை எனப் பொருள்படும் சொல்லை இட்டார். நம் பிள்ளைகளுள் பலர் இப்பாட்டை அவர் வழியாகவே முதலில் அறிகின்றனர். அதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அச்சொல்லில் வராத ஒன்று தமிழில் உண்டு. மடம் என்பது அறியாமை மட்டும் அன்று. அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்துப் பெண்ணுக்குரிய பண்பாகத் தொல்காப்பியம் எண்ணிய குணம். சொன்னதை ஐயுறாது ஏற்கும் தன்மை அது. மழையின் சொல்லை நம்பிப் பூத்த மரத்தை மடவ என்று தோழி சொல்லும்போது, தலைவனின் சொல்லை நம்பிக் காத்திருக்கும் மடந்தையொருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். தோழி இதை நினைத்துச் சொன்னாளோ, நினையாமல் சொன்னாளோ! கேட்டவள் உள்ளத்தில் அது தைத்திருக்கும்.

தைத்தது என்பதற்கு 148-ஆம் பாட்டைச் சான்றாகக் காட்டலாம். பாடியவர் இளங்கீரந்தையார். இங்கே தலைவி வாய் திறக்கிறாள். செல்வர் வீட்டுச் சிறுவர்தம் சிற்றடிகளில் தவளைவாய் போன்ற வாயுடைய பொற்கிண்கிணி இருக்குமே, அதன் காசைப் போல் அரும்பிய கொன்றை, குருந்த மரத்தோடு சேர்ந்து காற்றில் அலைகிறது. குளிர்ந்த பெரும்பொழுது இது. இதையும் கார் அன்று என்பாயானால், நான் காண்பது கனவா? கேட்கிறேன், சொல். இவ்வளவே பாட்டு.

கொன்றையரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இவ்வுவமையின் நுட்பத்தை அறிவர். மலர்வதற்கு முந்திய நாள் அது சிறு பொற்குண்டு போல் உருண்டிருக்கும். இதழ் நெகிழத் தொடங்குகையில் வாய்போல் ஒரு பிளவு தோன்றும். கிண்கிணியின் உருவத்தை இதனினும் நெருங்கிச் சொல்ல முடியாது. ஆனால் உருவம் ஒத்திருப்பது மட்டுமே புலவர் கருத்தாயின், காசு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். குழந்தையின் காலடியையும் ஏன் கொண்டுவந்தார்? கணவன் பொருள் தேடப் போய்விட்ட இளம்பெண் ஒருத்தி, பூத்த மரத்தைப் பார்த்து நின்று, யாருடைய வீட்டிலோ தளர்நடை நடக்கும் குழந்தையின் சலங்கை ஒலியைக் கேட்கிறாள். அவன் வந்திருந்தால் இந்நேரம் தன் வீட்டில் கேட்டிருக்கக்கூடிய ஒலி. அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பருவத்தைப் பற்றியே வழக்காடுகிறாள். வழக்கின் உண்மையான பொருள் உவமைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது 21-ஆம் பாட்டு, ஓதலாந்தையார் பாடியது. இதுவே மேடைகளில் மிகுதியும் எடுத்தாளப்படுவது. பூங்கொத்துகள் தொங்கும் கொன்றைக்காடு, பொன்னணி சேர்த்துக் கட்டிய மகளிர் கூந்தல் போல் தோன்றுகிறது. அக்காடே 'இது கார்' என்று கூறினாலும் நான் தெளியமாட்டேன். அவர் பொய் சொல்பவர் அல்லர் என்கிறாள் தலைவி. கற்பின் திண்மை, காதலின் உறுதி என்றெல்லாம் இப்பாட்டைப் போற்றக் கேட்டிருக்கிறோம். போற்றுதற்குரிய பாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆயினும் 148-ஐ அடுத்து இதைப் படிக்கும்போது நமக்குப் பெருமிதத்தைவிட அச்சமே மிகுகிறது. 66-இல் தோழி ஒரு காரணமாவது காட்டினாள்: வம்பமாரி பெய்தது, மரம் ஏமாந்தது என்றாள். இங்கே தலைவிக்குக் காரணமும் தேவைப்படவில்லை. காடு முழுதும் ஒருமுகமாகச் சாட்சி சொன்னாலும் ஏற்கமாட்டேன் என்கிறாள். தன்னைத் தேற்றப் பிறர் இல்லாதபோது ஒருத்தி தனக்குத்தானே தோழியாகும் நிலை இது. நம் சுவைக்கு இம்மூன்றனுள் முதலிடம் 148-க்கே. நண்பர்கள் சிலர் இதற்கு ஒப்பவில்லை. ஒப்ப வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. இப்பாடல்களில் கொன்றை எங்கு வந்தாலும் பொன்னும் உடன்வருகிறது. ஓரிடத்தில் கூந்தலில் சூடிய பொன்னணி. மற்றோரிடத்தில் குழந்தையின் பொற்கிண்கிணி. 233-ஆம் பாட்டில் பேயனார், கவலைக்கிழங்கு தோண்டிய குழியில் கொன்றைப்பூ உதிர்ந்து நிறைந்திருப்பதைச் செல்வர் வீட்டுப் பொற்பேழை மூடி திறந்தாற்போல என்கிறார். நிறம் ஒத்ததால் சொன்ன உவமைகள் என்று கொள்வதில் பிழையில்லை. ஆனால் பிரிந்தவன் எதற்காகப் பிரிந்தான்? 66-இல் அவன் சென்ற வழி கல் நிறைந்த அருவழி; அத்தகைய வழியில் சங்கத் தலைவன் பெரும்பாலும் பொருளைத் தேடியே போகிறான். அவன் கல்லிலும் முள்ளிலும் நடந்து எதைத் தேடப் போனானோ, அதன் நிறத்தை அவன் வீட்டு வாசலில் ஒரு மரம் அள்ளிச் சொரிந்துகொண்டிருக்கிறது. பெருக்கித் தள்ளவும் ஆளில்லை. ஔவையார் 183-ஆம் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவன் சென்ற நாட்டிலும் கொன்றை பூக்குமே, நம்மைப் போலவே அதுவும் பசந்து நிற்குமே, அதைக் காணமாட்டாரோ என்று தலைவி ஏங்குகிறாள். ஓதலாந்தையார்க்குப் பொன்னாகத் தெரிந்த அதே மஞ்சள் ஔவையார்க்குப் பசலையாகத் தெரிகிறது. ஒரே பூ, அவனுடைய தேட்டமும் அதில் இருக்கிறது, அவளுடைய நோயும் அதில் இருக்கிறது. ஔவையார் இவ்விரண்டையும் விரித்துப் பேசவில்லை. மரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

வடமொழிப் புலவர்களிடம் இத்தகைய வழக்கு எழவில்லை என்பதும் நினைத்துப் பார்க்கத்தக்கது. குமாரசம்பவத்தில் காளிதாசர் வேனிலின் வரவைப் பாடும்போது கர்ணிகாரத்தைக் காட்டி, இத்தனை நிறம் இருந்தும் மணமில்லையே என்று வருந்துகிறார். கர்ணிகாரம் கொன்றையா, வேறொரு மரமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கொன்றையே என்று கொண்டால், அவர் மரம் பூக்கும் காலத்திலேயே அதைப் பாடிவிட்டார். அவர்க்குச் சிக்கல் இல்லை. நம் புலவர்க்கோ கொன்றை நறுமணமுடையதே. அதன் மணத்தைப் பற்றி அவர்கள் வருந்தவில்லை. அது சொல்லும் சொல்லை நம்பலாமா என்றே வருந்தினார்கள்.

நாம் முல்லைத்திணையைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறோம்? தெய்வம், மாயோன், பறவை, காட்டுக்கோழி, பூ, முல்லையும் தோன்றியும், மரம், கொன்றையும் காயாவும் குருந்தும். பட்டியலை ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் தருகிறோம். பட்டியல் வேண்டுவதே, ஆனால் அதோடு நின்றுவிட்டால் கொன்றை வெறும் பெயர்ப்பலகை ஆகிவிடும். பலகை சொல்வதும் மரம் செய்வதும் மாறுபடும்போது, கண்ணுள்ள பிள்ளை, 'புலவர் தப்பாகச் சொல்லிவிட்டாரா?' என்று கேட்கத்தான் செய்யும். அக்கேள்வியை அடக்குவது எளிது. அடக்கியவர்களுள் நாமும் இருந்தோம் என்பதால் இதைச் சொல்கிறோம்.

தலைநகர்த் தமிழர்க்குக் கொன்றையோடு மற்றொரு தொடர்பும் உண்டு. இங்கே பள்ளிகள் மே மாத நடுவில் கோடை விடுமுறைக்கு அடைபடும். அமல்தாஸ் பூக்கத் தொடங்குவதும் அதையொட்டியே. ஜி.டி. எக்ஸ்பிரசிலோ, 1976-க்குப் பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரசிலோ, தகரப் பெட்டியும் கூஜாவும் சப்பாத்திப் பொட்டலமுமாக நாம் தெற்கே புறப்பட்ட நாட்களெல்லாம் கொன்றை பூத்த நாட்களே. ஆக, காலம் மாறினும் பொருள் மாறவில்லை. சங்கத் தலைவிக்குப் போலவே நமக்கும் கொன்றை, போனவர் ஊர் திரும்பும் பருவத்தின் அடையாளம்.

1983-ஆம் ஆண்டு விடுமுறைக்கு வருவதாக எம் அன்னையார்க்கு எழுதியிருந்தோம். அலுவலகத்தில் விடுப்புக் கிடைத்தது, பயணச்சீட்டும் கிடைத்திருக்கும். ஆனால் அவ்வாண்டு கூடுதல் ஊதியம் தரும் ஒரு பணி வந்தது. அதை விட மனம் வரவில்லை. வர இயலவில்லை என்று ஓர் உள்நாட்டுக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, வேலையில் மூழ்கிவிட்டோம். அன்னையாரிடமிருந்து வழக்கமான மறுமொழி வந்தது: உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே. பல ஆண்டுகள் கழித்து எம் தங்கை பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அவ்வாண்டு வைகாசி முழுதும் அண்டை வீட்டார், 'தில்லிப் பிள்ளை இன்னும் வரவில்லையா? விடுமுறை விட்டிருப்பார்களே!' என்று கேட்கும்போதெல்லாம், அன்னையார் சிறிதும் தயங்காமல், 'அங்கே பள்ளிக்கூடம் இன்னும் அடைக்கவில்லையாம்; அந்தப் பக்கத்தில் எல்லாம் பிந்தித்தான்' என்று சொல்லிவந்தாராம். கடிதம் அவர் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது.

66-ஆம் பாட்டை நாம் அதற்கு முன்பு எத்தனையோ முறை படித்திருக்கிறோம், பேசியும் இருக்கிறோம். தோழி சொன்னது பொய்யா, மெய்யா என்று மாணவர்க்கு வினாத்தாள் குறித்ததும் உண்டு. பருவமன்று என்று சொல்பவள் யாரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்பதைத் தங்கை சொன்ன அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறன்று அப்பெண்ணை அழைத்து, இங்கு எழுதியவற்றுள் மரத்தைப் பற்றியும் மூன்று பாடல்களைப் பற்றியும் உள்ளவற்றைச் சுருக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டாள். பின்பு, "அப்படியானால் மழைக்குப் பிறகும் பூக்குமா என்று பார்த்தால் தெரிந்துவிடுமே, தாத்தா!" என்றாள். நாம் எண்ணாதது அது. அன்று முதல் ஒரு பழைய நாட்குறிப்பில், சன்னலுக்கு வெளியே நிற்கும் அம்மரத்தைப் பற்றி அவள் எழுதி வருகிறாள். மே மாதத்துப் பக்கங்கள் நிறைந்து கிடக்கின்றன. சூலையில் ஒன்றுமில்லை, ஆகத்தில் இலை என்று மட்டும் இருக்கிறது. செப்டம்பர் மாதத்துப் பக்கமொன்றில், முந்திய இரவு மழை பெய்ததைக் குறித்துவிட்டு, அதன்கீழ் எழுதியிருக்கிறாள்: 'தெற்குக் கிளையில் இரண்டு கொத்து.'